அப்படி ஒரு ஆள் இல்லை

மைசூரு
7 ஜூலை 2025, திங்கள்

அண்ணனுக்கு,

வடிவு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் கூப்பிட்டுப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கடிதத்தை மல்லப்பனின் பூ வண்டியில் கொடுத்து விடுகிறேன். ஹனூரிலிருந்து சாமந்தி ஏற்றிக்கொண்டு தினமும் தேவராஜ மார்க்கெட்டுக்கு வருகிறவன், மத்தியானம் திரும்பும்போது உங்கள் கையில் தருவான். அவனிடம் எதுவும் கேட்காதீர்கள், அவனுக்கு எதுவும் தெரியாது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள்.

போன மாதம் பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது அல்லவா? என் ஒன்பதாம் வகுப்பில் தஸ்னீம் என்று ஒரு பெண் படிக்கிறாள். அவள் அண்ணன் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்தக் குண்டு கேஸில் பிடிபட்டவன் ஒருவன் அவன் கடையில் போனுக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறான். அவ்வளவுதான். விசாரணை என்று கூட்டிப் போன பையன் இன்னும் வீடு திரும்பவில்லை. அன்றிலிருந்து தஸ்னீம் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. அவள் பையைத் திறந்தால் 'டிக் டிக் டிக்' என்று பின்னாலிருந்து வாயால் சத்தம் கொடுக்கிறார்கள். யாரோ இல்லை, நான் மூன்று வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளைகள்.

எல்லா வகுப்பிலும் பயங்கரவாதம், சகிப்புத்தன்மை, குடிமக்களின் கடமை என்று பாடம் எடுக்கும்படி பிரின்சிபால் சொன்னார். படங்களெல்லாம் போட்டு, கடைசியில் உறுதிமொழியும் சேர்த்து அவரே தயாரித்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அதைத் திரையில் ஓட்டினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். உறுதிமொழியைச் சத்தமாகச் சொன்னார்கள், சொல்லி முடித்த கையோடு 'டிக் டிக்' என்றும் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

திரையை அணைத்துவிட்டு ஒரு கதை சொன்னேன். காட்டோரம் ராகி விதைக்கிற ஒருவர். துப்பாக்கியோடு வந்த கூட்டம் ராகி மாவு கேட்டது. கொடுத்தார். அவர் பயங்கரவாதியா? ஆமாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.

ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள். தஸ்னீமும் தூக்கினாள். மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்களை விட உயரமாகத் தூக்கினாள். அதைப் பார்த்ததும்தான் என் புத்தி என்னிடம் இல்லாமல் போனது. "கையை இறக்குங்க. அவர் என் அப்பா," என்று சொல்லிவிட்டேன். கோர்ட் அவரை நிரபராதி என்று விட்டுவிட்டது என்றும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல முடியாமல் மணி அடித்துவிட்டது.

சாயங்காலமே பெற்றோர் குரூப்பில் என் படம் வந்துவிட்டது. 'பயங்கரவாதியின் மகள் நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறாள் பாருங்கள்.' ராத்திரிக்குள் என் நம்பர் எங்கெங்கோ போய்விட்டது. கூப்பிட்டவர்கள் பேசியதை உங்களுக்கு எழுத முடியாது.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

வடிவு


ஹனூர்
9 ஜூலை 2025

அம்மிணி வடிவுக்கு,

மாதப்பன் எழுதுவது. உன் கடிதாசியைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் இதை அப்படியே செய். போனில் இந்தப் பேச்சே வேண்டாம்.

உனக்கு வாய் நீளம் என்று தெரியும். இத்தனை நீளம் என்று தெரியாது. முப்பது வருசமாக இந்த வீட்டுக்குள் நாங்களே வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையை ஒரு வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாய். பற்றாததற்குக் கை வேறு தூக்கச் சொன்னாயாம். பெற்ற அப்பனை நிறுத்தி வைத்து ஓட்டெடுப்பு நடத்திய மகளை இந்த ஜில்லாவிலேயே நான் இப்போதுதான் பார்க்கிறேன். பெரிய டீச்சர்!

மீனாவை நினைத்துப் பார்த்தாயா? என் மகள் பரீட்சையும் எழுதி ஓட்டமும் ஓடி போலீஸ் கான்ஸ்டபிள் லிஸ்டில் வந்துவிட்டாள். மிச்சம் இருப்பது ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்து செய்கிற விசாரணை மட்டும்தான். குடும்பத்தில் யார் மேலாவது கேஸ் இருந்ததா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் நல்லவர்கள், அவர்களும் மறந்துபோன மாதிரி இருந்தார்கள். இப்போது நீ எல்லோருக்கும் ஞாபகப்படுத்திவிட்டாய். கோர்ட் விட்டுவிட்டது என்பதெல்லாம் நமக்குத்தான். ஸ்டேஷனில் பெயர் ஒரு தடவை ஏறினால் ஏறினதுதான்.

அப்பாவை அடித்தவர்கள் போட்ட துணியையா உங்கள் மகள் போட வேண்டும் என்று போன பொங்கலுக்கு நீ கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். அந்தத் துணி என் வீட்டுக் கொடியில் காய்ந்தால், அதைப் போட்டுக்கொண்டு வேறு எவனும் வந்து என் கதவைத் தட்ட மாட்டான் என்று நினைத்தேன். எனக்கு இன்னும் ஜீப் சத்தம் கேட்டால் கை தானாகப் போய் விளக்கை அணைக்கிறது. நான் வேறு எப்படி நினைப்பேன்?

பள்ளிக்கூடத்தில் என்ன எழுதிக் கேட்டாலும் கொடுத்துவிடு. பாடத்துக்காகச் சும்மா சொன்னேன், கட்டுக்கதை என்று சொல். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பாலாறு தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் கொளத்தூரில் சின்னம்மா வீட்டில் விட்டுவிட்டு வரப் போகிறேன். விசாரணை முடிகிற வரைக்கும் அங்கே இருக்கட்டும். ஆள் கண்ணில் படாவிட்டால் கேள்வியும் வராது.

உன் அண்ணன்
மாதப்பன்


மைசூரு
11 ஜூலை 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. கோபத்தில் இரண்டாகக் கிழித்தேன், பிறகு ஒட்டி வைத்துக்கொண்டேன்.

நீங்கள் சொன்ன அதே காகிதத்தை இங்கே தயாராக அடித்து வைத்திருக்கிறார்கள். கன்னடத்தில் எட்டு வரி. 'நான் வகுப்பில் குறிப்பிட்டது கற்பனை. அப்படி ஒரு ஆள் இல்லை.' திங்கட்கிழமை காலை பிரேயரில் மைக் முன்னால் நின்று நானே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. பிரின்சிபால் கெட்டவர் இல்லை, பாவம். அவருக்கும் போன் வருகிறதாம்.

பயமாக இருக்கிறது, அண்ணா. வீட்டுக்கு எதிரில் இரண்டு பேர் பைக்கில் வந்து நிற்கிறார்கள். ஒன்றும் செய்வதில்லை, சும்மா நிற்கிறார்கள். நேற்று ஏறிய ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே பார்த்துவிட்டு "நீங்க அந்த டீச்சர்தானே?" என்றார். பாதி வழியில் இறங்கிக்கொண்டேன். அவர் நல்ல விதமாகக்கூடக் கேட்டிருக்கலாம். ஹவுஸ் ஓனர் உமாதேவி அம்மா தினமும் குழம்பு கொடுத்து அனுப்புகிறவர், இந்த வாரம் கொடுக்கவில்லை. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்தில் கதவு தட்டுவது கேட்காமல் போய்விடுமோ என்று குழாயை மூடி மூடித் திறக்கிறேன்.

இதெல்லாம் இருந்தும் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. காரணம் தஸ்னீம். நேற்று இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மிஸ், உங்க அப்பா திரும்பி வந்த மாதிரி என் அண்ணனும் வந்துடுவான் இல்ல?" என்று கேட்டாள். வருவான் என்றேன். வாங்கி வந்த பன்னில் பாதியைப் பிய்த்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நம் அப்பா ஒருவர் வீடு திரும்பியிருக்கிறார் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெண் பள்ளிக்கே வருகிறது. அவளை நிற்க வைத்துக்கொண்டு அப்படி ஒரு ஆள் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அப்பாவுக்கு ஜெயிலுக்கு எழுதிய கடிதமெல்லாம் பிரித்துப் படித்த பிறகுதான் உள்ளே போகும் என்று, 'எல்லாரும் சுகம், ஆடு சுகம்' என்று மட்டும் எழுதச் சொல்லிக் கொடுத்தீர்கள். அம்மா படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் எழுதினேன். அம்மாவை எடுத்த மறுநாளும் அதையேதான் எழுதினேன். எனக்கு அப்போது பத்து வயசு. இனி யாரும் கேட்டாலும் அப்படி எழுத என்னால் முடியாது.

மீனாவிடம் நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அப்பாவை மட்டும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வடிவு


ஹனூர்
14 ஜூலை 2025, காலை

அம்மிணி,

கையெழுத்துப் போடாதே. மல்லப்பன் வண்டியில் பூ ஏற்றுகிறான், அவன் கிளம்புவதற்குள் எழுதுகிறேன்.

நேற்று நீ வேண்டாம் என்றதைக் கேட்காமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மலை இறங்குகிற வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். கடலை வாங்கிக் கொடுத்தேன், தின்றார். பாலாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. பிளாஸ்டிக் பை, பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கக் காக்கிச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் ஏறினான். நம் மீனா வயசுதான் இருக்கும். "தாத்தா, பையில என்ன?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

அப்பா எழுந்து பஸ்ஸை விட்டு இறங்கினார். சட்டையைக் கழற்றினார். மடித்துத் தரையில் வைத்தார். செக்போஸ்ட் சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் பின்தலையில் கோத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை அம்மிணி, அவராகவே.

பஸ் மொத்தமும் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. அந்தப் பையன் பயந்துபோய், கூட வந்தவர் யார் என்று கன்னடத்தில் கத்தினான். விசாரணை, மீனா, நீ எல்லாம் ஒரே சமயத்தில் மண்டைக்குள் ஓடுகிறது. அப்படியே உட்கார்ந்திருந்தால் பஸ் போய்விடும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. பிறகு எழுந்து "நம்மப்பா" என்றேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். காக்கிச் சட்டைக்காரன் முன்னால் அவரை அப்பா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சட்டையைப் போட்டுவிட்டேன். பட்டன் போட என்னால் முடியவில்லை. அந்தப் பையன்தான் போட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தான். அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டோம். வழியில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் உள்ள போறேன்னு வடிவுகிட்ட சொல்லிட்டயா? புள்ள தேடும்."

எனக்குப் பயம் போய்விடவில்லை. மீனா வேலை போனாலும் போகட்டும் என்று வீரமாகச் சொல்லவும் வரவில்லை. ஆனால் அவரை இல்லை என்று இனி நம்மில் யாரும் சொல்லக் கூடாது. போடாதே.

மாதப்பன்


மைசூரு
14 ஜூலை 2025, மத்தியானம்

அண்ணனுக்கு,

இன்று காலை பிரேயரில் படித்துவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மீனா இங்கே வந்தாள். உங்களிடம் தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நான் சோறு போட்டேன். வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஓடி ஓடி இரண்டு கால் கட்டைவிரலிலும் நகம் இல்லை, அதை நான் பார்த்துவிடாமல் காலை மடித்து வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். கிளம்பும்போது, "அத்தை, நான் வேணா விட்டுடறேன், நீங்க கஷ்டப்படாதீங்க," என்றாள். நீங்கள் திட்டி எழுதியபோது எனக்கு ரோஷம்தான் வந்தது. அவள் இப்படிச் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று ஜன்னலில் ஒரு கல்லும் விழுந்தது. உமாதேவி அம்மா கண்ணாடியைப் பெருக்கி அள்ளிவிட்டு, மாதக் கடைசியில் காலி செய்துகொள்ள முடியுமா என்று அழுதுகொண்டே கேட்டார்.

'அப்படி ஒரு ஆள் இல்லை' என்ற வரியில் என் குரல் நின்றுவிட்டது. மைக் கோளாறு என்று நினைத்து ஒரு பையன் வந்து தட்டிப் பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தஸ்னீம் நான்காவது வரிசையில் நின்றிருந்தாள். அவளும் தட்டினாள். பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போனால் அவள் பையையும் காணோம், அவளையும் காணோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மல்லப்பன் உங்கள் கடிதத்தோடு வந்து வாசலில் நிற்கிறான். படித்தேன்.

ஐயோ அண்ணா. இது நேற்றே என் கைக்கு வந்திருக்கக் கூடாதா? அப்பா கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

வடிவு


ஹனூர்
17 ஜூலை 2025

அம்மிணி,

நேற்று விசாரணைக்கு வந்துவிட்டார்கள். ஒரு கான்ஸ்டபிள்தான், வயசானவர், கன்னடக்காரர். டீ குடித்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மறைக்கக் கூடாது என்று நான் முடிவு செய்துதான் இருந்தேன். ஆனால் அவர் முதல் கேள்வியே கேட்காமல் தன் போனை என்னிடம் நீட்டினார். நீ கையெழுத்துப் போட்ட காகிதத்தின் படம். அது ஹனூர் வரைக்கும் வந்துவிட்டது.

"உன் தங்கச்சி அப்படி ஒரு ஆளே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. பழைய ரெக்கார்டுல இருக்குன்னு எங்க ஸ்டேஷன் ரைட்டர் சொல்றாரு. எது நெஜம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். கை கட்டிக்கொண்டு, "நான்தானுங்க அந்த அய்யாவு. மைசூரு ஜெயில்ல இருந்தேனுங்க. கோர்ட்ல விட்டுட்டாங்க," என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் இந்தத் தடவை அவர் சட்டையைக் கழற்றவில்லை.

அந்த மனுசர் பேனா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "விடுதலையானா அது ஒண்ணுமில்ல. ஆனா ஒருத்தர் இல்லேங்கறீங்க, ஒருத்தர் இருக்கேங்கறீங்க. குடும்பமே மறைக்குதுன்னு மேல கேப்பாங்களே," என்று சொல்லிவிட்டு எழுதாமலே போய்விட்டார். மீனா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் போன பிறகு அப்பா என்னிடம், "வடிவு நான் இல்லேன்னா எழுதிக் குடுத்துச்சு?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் மிரட்டி வாங்கினார்கள் என்றேன். "நல்லதாப் போச்சு. பயமில்லாம இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. எழுதிக் கொடு என்று முதலில் சொன்னவன் நான். இனி என்ன செய்வது என்று நீயே சொல்.

மாதப்பன்


மைசூரு
19 ஜூலை 2025

அண்ணனுக்கு,

நேற்று காலை இன்னொரு காகிதம் எழுதினேன். இதை யாரும் அடித்துக் கொடுக்கவில்லை. அய்யாவு என்பவர் என் அப்பா, திங்கட்கிழமை நான் படித்ததுதான் பொய், என் குடும்பம் எதையும் மறைக்கவில்லை, பயத்தில் மறைத்தவள் நான் மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோர்ட் தீர்ப்பின் நகலையும் சேர்த்து உங்கள் ஸ்டேஷனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். மீனாவுக்கு அது உதவுமா, இன்னும் கெடுக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நகலைப் பிரின்சிபாலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, லீவில் போங்கள் என்றார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

போகும் முன் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, அவர் என் அப்பா, இருக்கிறார், நான் சொன்னது பொய் என்று மூன்றே வாக்கியம் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பையன் மட்டும் சிரித்தான். தஸ்னீம் வகுப்பில் இல்லை. முந்தின நாளே அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிப் போய்விட்டாராம்.

அதனால் அவள் வீட்டுக்கே போனேன். தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் குறுகலான சந்து. நடந்து போகும்போது ஒவ்வொரு கடைக்காரரும் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. கதவின் உள்சங்கிலியை எடுக்காமல் அவள் அம்மா இடுக்கு வழியாகப் பார்த்தார். "போயிடுங்க மிஸ். நீங்க வந்தது தெரிஞ்சா எங்களைத்தான் கேப்பாங்க," என்றார். என்னைப் பார்த்து ஒருவர் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன்.

அம்மாவின் கைக்குக் கீழே தஸ்னீமின் முகம் தெரிந்தது.

"மிஸ், அன்னிக்கு மைக்ல சொன்னது?"

"பொய்ம்மா."

"அப்ப உங்க அப்பா இருக்காரா?"

"இருக்காரு. ஹனூர்ல இருக்காரு. எங்க அண்ணன்கூட."

"நெஜமாவே விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க. ஒரு தப்பும் பண்ணலைன்னு தீர்ப்பு எழுதி விட்டாங்க."

அந்தச் சின்ன முகம் மலர்ந்ததை நான் சொல்லித் தீராது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பது போல ஏதோ சொன்னாள். அம்மாவும் சங்கிலியை எடுத்துவிட்டுக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னிடம் அவரே கேட்டார்:

"எத்தனை நாள்ல விட்டாங்க, மிஸ்?"

அண்ணா, ஒரு மாசம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எட்டு வருஷம் என்றேன்.

வடிவு